தையல் நூலும் தாராவியும்

போரில் பட்ட புண்ணை ஊசியால் தைக்கும் வழக்கம் பண்டைத் தமிழகத்தில் இருந்தது. இதற்குப் பதிற்றுப்பத்தின் 42-ஆம் பாடல் சான்றாகும். புண்ணில் மூழ்கி எழும் ஊசியைப் பரணர், கயத்தில் பாய்ந்தெழும் மீன்கொத்திக்கு ஒப்பிடுகிறார். ஆனால் நூல் எதனால் ஆயது என்பதை அவர் கூறவில்லை. ஊசி புண்ணைக் கடந்து போய்விடும். நூலோ உடலுள் தங்கும். ஆதலின் நூலின் வரலாறும் ஆராயத்தக்கது.

சுசுருத சங்கிதை, தையலுக்குரியனவாக நுண்ணிய நூல், மரப்பட்டை நார், சணல், ஆளிநார், தசைநாண், மயிர், சீந்தில் நார் முதலியவற்றைக் குறிப்பிடுகிறது. ஊசியையும் உடலின் இடத்திற்கேற்ப அது வேறுபடுத்துகிறது.

பிற்காலத்தில் பெருவழக்குப் பெற்றது குடல்நூல். ஆங்கிலத்தில் 'கேட்கட்' எனப்படும் இப்பெயர் பூனையைச் சுட்டுவதுபோல் தோன்றினும், மூலப்பொருள் பெரும்பாலும் ஆட்டுக்குடலே. கார்பாலிக் அமிலத்தில் பதப்படுத்திய குடல்நூலால் இரத்த நாளங்களைக் கட்டும் முறையை ஜோசப் லிஸ்டர் 1869-இல் வெளியிட்டார். இதனைப் பிரித்தெடுக்க வேண்டுவதில்லை, உடலே கரைத்துக்கொள்ளும். எனினும் சாதாரணக் குடல்நூல் ஏறத்தாழ ஒரு வாரத்தில் வலுவிழக்கும். குரோமிய உப்பில் பதப்படுத்தியது இன்னும் சில நாள் தாங்கும். விரைவில் ஆறும் சளிச்சவ்வுக்கு இது ஏற்றது. மெல்ல ஆறும் வயிற்றுச் சுவருக்குப் பொருந்தாது.

குரோமியத்தால் பதப்படுத்துதல் தோல் தொழிலாளரும் நன்கறிந்த முறையாகும். மும்பைத் தாராவியில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தோல் பதனிட்டோருள் திருநெல்வேலிப் பகுதித் தமிழர் பலர். அருகில் பாந்திராவில் இருந்த இறைச்சிக்கூடம் 1971-இல் செம்பூரை அடுத்த தேவனாருக்கு மாறியது. ஆட்டுக்குடலைத் தூய்மை செய்து அறுவைநூலுக்கு ஆயத்தப்படுத்தும் பட்டறைகளும் தாராவியில் இயங்கின.

1970-களில் பாலிகிளைகாலிக் அமிலம், பாலிகிளாக்டின் ஆகிய செயற்கை நூல்கள் பரவின. குடல்நூலை உடலின் நொதிகள் சிதைக்கின்றன. இவையோ நீரால் சிதைந்து கரைகின்றன. எனவே அழற்சி குறைவு. வலுக் குறையும் காலத்தையும் முன்னரே கணிக்கலாம். மாட்டுப் பித்துநோய் அச்சத்தால் 2001-இல் ஐரோப்பிய நாடுகள் குடல்நூலை விலக்கின.

இம்மாற்றம் நோயாளிக்கு நன்மையே. எனினும் குடலைக் கழுவி, சுரண்டி, உலர்த்திய தொழிலாளரின் அனுபவமும் மருத்துவ வரலாற்றின் பகுதியே. தாராவி மறுசீரமைப்பு தொடங்கியுள்ள இந்நாளில், அவர்தம் தொழிற்சொற்களை முதியோர் வாயிலாகத் தொகுத்தல் உடனடித் தேவையாகும். ஊசியைப் புலவர் பாடிவைத்தார். நூலை ஆக்கியோர் சொல்லும் ஏட்டில் ஏறுதல் வேண்டும்.