வடம் பிடிப்போரும் கட்டை போடுவோரும்

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். நான்கு வீதிகளிலும் மனிதத் தலைகளே தெரியும். வடம் பிடித்து இழுப்போரில் பெரும்பாலோர் இளைஞர்கள். ஆனால் சக்கரத்தின் அருகில் பாருங்கள். தேர் திரும்ப வேண்டிய இடத்தில், எந்தச் சக்கரத்தின் அடியில், எந்த நொடியில் கட்டையைப் போட வேண்டும் என்று அறிந்தவர்கள் அங்கே நிற்பார்கள். அது பல தேரோட்டம் கண்டவர்களின் வேலை. இழுக்கும் விசை இல்லாமல் தேர் நகராது; கட்டை இல்லாமல் தேர் திரும்பாது.

ஒரு ஹாக்கி அணிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்போரும் இதே கணக்கைத்தான் போட வேண்டியிருக்கிறது. அனுபவசாலியை வைத்துக்கொள்வதா, இளைஞனுக்கு இடம் கொடுப்பதா? இந்திய ஹாக்கியின் வரலாற்றில் இக்கேள்விக்குக் கிடைத்த விடைகளைச் சற்று ஆராய்வோம்.

புல் மாறியது, கணக்கும் மாறியது

1975 மார்ச் 15ஆம் நாள் கோலாலம்பூரில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என்று வென்று உலகக் கோப்பையைப் பெற்றது. அஜித்பால் சிங் தலைவர். வெற்றிக் கோலை அடித்தவர் அசோக் குமார். அந்த வீரர்களில் பலர் மறு ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்குக்குச் சென்றனர். கிடைத்ததோ ஏழாம் இடம்! ஆஸ்திரேலியாவிடம் 1-6 என்ற தோல்வி வேறு.

ஓராண்டில் வீரர்கள் ஆட்டத்தை மறந்துவிடவில்லை. மாறியது தரை. ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஆடப்பட்டது அங்கேதான். இதன் விளைவை இயற்பியல் எளிதாகக் காட்டும். உருளும் பந்து நிற்பதற்குள் கடக்கும் தூரம், அதன் வேகத்தின் வர்க்கத்தை எதிர்முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். உதாரணத்துக்கு, வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் அடித்த பந்தைத் தரை வினாடிக்கு 4 மீட்டர் வீதம் வேகம் குறையச் செய்கிறது என்று கொள்வோம். பந்து 50 மீட்டர் ஓடி நிற்கும். தரை வழவழப்பாகி, அந்த வீதம் 2 ஆகக் குறைந்தால் பந்து 100 மீட்டர் ஓடும். ஆடுகளத்தின் நீளமே 91.40 மீட்டர்தான்!

இயற்கைப் புல்லில் பந்தை நிறுத்தி, மட்டையில் ஒட்டவைத்து, எதிரியை ஏமாற்றிச் செல்லும் கலை நம்முடையது. புதிய தரையிலோ பந்து நெடுந்தூரம் விரைந்தது. துரத்துவதற்குக் காலும் மூச்சும் தேவைப்பட்டன. இளமையின் மதிப்பு திடீரென்று உயர்ந்துவிட்டது.

1980 மாஸ்கோ

நான்கு ஆண்டுகளுக்குப் பின் மாஸ்கோவுக்குச் சென்ற 16 பேரில், முன்பு ஒலிம்பிக்கில் இடம் பெற்றிருந்தவர்கள் இருவரே. ஒருவர் கோல்காப்பாளர் பீர் பகதூர் சேத்ரி. மற்றவர் சென்னையைச் சேர்ந்த அணித்தலைவர் வாசுதேவன் பாஸ்கரன். அப்போது பாஸ்கரனுக்கு வயது 29. முகமது ஷாகிதுக்கு 20.

தான்சானியாவை 18-0 என்று வென்ற இந்த இளம் அணி, போலந்துடனும் ஸ்பெயினுடனும் 2-2 என்று சமன் செய்தது. ஜூலை 29 அன்று இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று வென்றது. ஸ்பெயினின் மூன்று கோல்களையும் ஹுவான் அமாட் ஒருவரே அடித்தார். தங்கம் கிடைத்தது. ஆனால் ஒன்றை நாம் மறைக்கக் கூடாது. பல நாடுகள் புறக்கணித்ததால் போட்டியில் இருந்தவை ஆறே அணிகள். ஆகவே, இளைஞர்களைச் சேர்த்தால் தங்கம் வரும் என்பதற்கு மாஸ்கோ முழுச் சான்றாகாது.

வென்றவர்களை நீக்கிய கதை

1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் தன்ராஜ் பிள்ளை தலைமையில் இந்தியா 32 ஆண்டுகளுக்குப் பின் தங்கம் பெற்றது. இறுதியாட்டத்தில் தென்கொரியாவுடன் சமநிலை. பெனால்டி அடிகளில் கோல்காப்பாளர் ஆஷிஷ் பல்லால் காப்பாற்றினார். அடுத்து நடந்தது என்ன? தன்ராஜ், பல்லால் உள்படப் பல மூத்த ஆட்டக்காரர்களுக்கு அணியில் இடமில்லை! 'ஓய்வு' என்று காரணம் சொல்லப்பட்டது. வசதிக் குறைவைப் பற்றித் தன்ராஜ் வெளிப்படையாகப் பேசியதே காரணம் என்று பலர் கருதினர். பின்னர் தன்ராஜ் திரும்ப அழைக்கப்பட்டு 2000 சிட்னியிலும் 2004 ஏதென்ஸிலும் ஆடினார். இரண்டிலும் இந்தியாவுக்கு ஏழாம் இடமே கிடைத்தது. மூத்தவரை நீக்கியதால் தோற்றோம், சேர்த்தால் வென்றிருப்போம் என்று எளிதாகச் சொல்லிவிட இயலாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

நிறுத்துக் கடிகாரம் சொல்லாதது

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் எங்கள் கல்லூரி அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஒருமுறை என்னையும் சேர்த்தார்கள். இயற்பியல் ஆசிரியர் அல்லவா! நிறுத்துக் கடிகாரம் என் கையில். ஓட்ட நேரத்தை மட்டும் பார்த்து மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரை நீக்கினோம். முதல் ஆட்டத்திலேயே எங்கள் பின்வரிசை சிதறியது. யார் எங்கே நிற்க வேண்டும் என்று குரல் கொடுக்க ஆளில்லை. நான் அளந்தது சரி. ஆனால் அளக்க வேண்டிய எல்லாவற்றையும் அளக்கவில்லை.

கோல்காப்பாளரை எடுத்துக்கொள்வோம். பெனால்டி கார்னரில் வட்டத்தின் விளிம்பிலிருந்து, அதாவது 14.63 மீட்டர் தொலைவிலிருந்து, பந்து மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று கொள்வோம். அது வினாடிக்கு 30 மீட்டர். கோலை அடைய ஏறக்குறைய அரை வினாடி. கண்டு, அசையத் தொடங்கவே மனிதனுக்குச் சுமார் 0.2 வினாடி ஆகிவிடும். ஓர் இளைஞன் 0.02 வினாடி முந்திக்கொண்டால் பந்து 60 சென்டிமீட்டர் செல்லும் அளவு நேரம் லாபம். ஆனால் அடிப்பவரின் தோளையும் இடுப்பையும் பார்த்தே திசையை 0.1 வினாடி முன்னதாக ஊகிக்கும் அனுபவசாலிக்கு லாபம் 3 மீட்டர்!

இதைத்தான் ஸ்ரீஜேஷ் காட்டினார். 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்ற ஆட்டத்தின் கடைசி நொடிகளில் பெனால்டி கார்னரைத் தடுத்தபோது அவருக்கு வயது 33. அந்த 16 பேரில் 10 பேருக்கு அதுவே முதல் ஒலிம்பிக். 41 ஆண்டுகளுக்குப் பின் ஒரு பதக்கம் வந்தது. 2024 பாரிஸில், 36 வயதில், அவர் மீண்டும் வெண்கலம் பெற்று விடைபெற்றார்.

விதியும் இதற்குத் துணை நிற்கிறது. முன்பு மாற்றப்பட்ட ஆட்டக்காரர் மறுபடி களத்துக்கு வர முடியாது. இன்று எத்தனை முறையும் வெளியே வந்து இளைப்பாறித் திரும்பலாம். ஆகவே மூத்தவரின் மூச்சைச் சிக்கனமாகச் செலவிட வழியிருக்கிறது.

நம் அருகில்

நம் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது கோவில்பட்டி. அவ்வூர் மாரீஸ்வரன் சக்திவேலும், அங்கே பயிற்சி பெற்ற அரியலூர்க் கார்த்தியும் 2022இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பைக்குச் சென்றனர். பாகிஸ்தானுடன் 1-1 என்று முடிந்த முதல் ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தவர் கார்த்தி. அந்த இளம் அணிக்குத் தலைவர் யார் தெரியுமா? ஓய்வு அறிவித்துவிட்டுத் திரும்பி வந்த பீரேந்திர லக்ரா! துணைத்தலைவர் சுனிலும் அப்படித் திரும்பியவரே. அணி வெண்கலத்துடன் வந்தது.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். நண்பர் ஓர் அடிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்து, சொல்லாமல் விடட்டும். கீழ்முனை அருகில் விரல் வைத்து அதைப் பிடியுங்கள். 20 சென்டிமீட்டர் விழுந்தால் உங்கள் எதிர்வினை நேரம் சுமார் 0.2 வினாடி. இனி அதே நண்பருடன் இருபது முறை செய்யுங்கள். விடுவதற்கு முன் அவர் முகத்தில் தோன்றும் ஏதோ ஒரு குறிப்பை உங்கள் கண் கற்றுக்கொண்டிருக்கும். அந்தக் குறிப்புக்குப் பெயர்தான் அனுபவம்.

மூத்தவர்களை 'முட்டுக்கட்டை' என்று அலுத்துக்கொள்வது நம் வழக்கம். அடுத்த ஆடிப்பூரத்தில், தேர் திரும்பும் வீதி முனையில் நின்று, அந்தக் கட்டை என்ன வேலை செய்கிறது என்று ஒரு கணம் கவனியுங்கள்.