வேகமானியும் மைல்கல்லும்

குதிரை வண்டி ஓடிய காலத்தில் வேகத்தை அளக்க வண்டியோட்டி ஒரு கருவியைத் தேடவில்லை. குளம்பொலியே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. மோட்டார் வண்டி வந்த பின்னரே வேகம் ஓர் எண்ணாக மாறிற்று. எண்ணாக மாறியதும் சட்டத்திற்கும் உட்பட்டது. இங்கிலாந்தில் 1903-ஆம் ஆண்டுச் சட்டம் மணிக்கு 20 மைல் என்று வரம்பு விதித்தது. போலீஸார் சாலையில் ஒரு தூரத்தை அளந்து குறித்துக்கொண்டு, கையில் கடிகாரத்துடன் காத்திருந்தனர். அவர்களுடைய கடிகாரத்திற்கு விடை சொல்ல வண்டியோட்டிக்கும் ஒரு கருவி வேண்டியதாயிற்று.

அக்கருவிக்கு 1902-இல் பெர்லினில் ஆட்டோ ஷுல்ட்ஸே என்பவர் காப்புரிமை பெற்றார். கியர் பெட்டியிலிருந்தோ சக்கரத்திலிருந்தோ வரும் வளையும் கம்பி ஒன்று, ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சூழ்ந்த உலோகக் கிண்ணம் அதனைத் தொடாமலே அதனோடு திரும்ப முயல்கிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று அதனைத் தடுத்து நிறுத்துகிறது. இவ்விரண்டு விசைகளும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. பல்லாண்டுகள் உலகமெங்கும் மோட்டார் வண்டிகள் இந்த முறையையே நம்பி ஓடின.

நம் நாட்டில் இதனுடன் வேறொரு சிக்கலும் சேர்ந்தது. 1956-இல் எடை அளவைச் சட்டம் இயற்றப்பட்டு, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. சாலையோரத்துக் கற்கள் கிலோமீட்டருக்கு மாறின. பழைய வண்டிகளின் முகப்புகளோ மைலையே காட்டிக்கொண்டிருந்தன. அத்தகைய வண்டியில் முள் 50-இல் நின்றால், வண்டி கிலோமீட்டர் கணக்கில் 80-ஐத் தாண்டி ஓடுகிறது என்பதை ஓட்டுபவர் மறக்கலாகாது.

புனே நகரில், ஆளந்திச் சாலையில் அமைந்தது விஷ்ராந்த்வாடி. இளைப்பாறும் இடம் என்னும் பொருள் தொனிக்கும் பெயர் அது. ஆண்டுதோறும் பண்டரிபுரம் செல்லும் ஞானேசுவரர் பல்லக்குடன் அடியார்கள் கால்நடையாக வரும் வழியும் அதுவே. மோட்டார் தொழிலுக்குப் பெயர்பெற்ற இந்நகரில்தான் 1966-இல் இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் தோன்றிற்று. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைத் தனி வகையாகப் பதிவு செய்யவும் 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. ஆகவே பழைய வண்டியின் முள் மெய் சொல்கிறதா என்பது வேடிக்கையான கேள்வி அன்று.

அதனை அறியும் வழி, அன்று போலீஸார் கையாண்ட வழியேதான். நெரிசலற்ற நெடுஞ்சாலையில், முள்ளை 60 கிலோமீட்டரில் அசையாது நிறுத்தி ஓட்ட வேண்டும். அருகில் அமர்ந்தவர் கல்லுக்குக் கல் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 3600-ஐ வினாடிகளால் வகுத்தால் உண்மை வேகம் கிடைக்கும். 60 வினாடியானால் முள் சரி. 66 ஆனால் உண்மை வேகம் ஏறத்தாழ 54½, முள் மிகைப்படுத்துகிறது. 54 ஆனால் உண்மை வேகம் 66-க்கு மேல், முள் மறைக்கிறது. கற்கள் சற்று இடம் தவறி நடப்பட்டிருக்கலாம் ஆதலால், ஐந்தாறு கிலோமீட்டருக்குச் சேர்த்துக் கணக்கிடுவதே நன்று.

பிழையின் காரணத்தைத் தூரமானி உணர்த்தும். அது பற்சக்கரங்களால் மட்டுமே ஓடுவது. காந்தத்திற்கும் வில்லுக்கும் அதில் வேலையில்லை. தூரம் சரியாயிருந்து வேகம் மட்டும் பிழையானால், காந்தம் வலுவிழந்திருக்கலாம். அப்போது முள் குறைத்துக் காட்டும். வில் தளர்ந்திருந்தால் கூட்டிக் காட்டும். தூரமும் வேகமும் ஒரே விகிதத்தில் பிழைத்தால், டயரின் அளவையோ பற்சக்கரத்தையோ ஐயுற வேண்டும். தேய்ந்த டயர் ஒரு கிலோமீட்டருக்கு அதிகமுறை சுழலுமாதலால், முள் கூட்டியே காட்டும். முள் நடுங்கினால், கம்பியில் மசகு காய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டலாகாது. சிறிது கூட்டிக் காட்டினால் பொறுக்கலாம். ஐக்கிய நாடுகளின் வாகன விதி 39-இன் கொள்கை இது. காரணம் எளிது. 40-இல் ஓடும் வண்டி பிரேக் பிடித்தபின் நிற்கக் கொள்ளும் தூரத்தைப்போல், 50-இல் ஓடுவது ஒன்றரை மடங்குக்கும் அதிகமான தூரத்தைக் கொள்ளும். அந்த மிகுதியான தூரத்தில் ஓர் அடியாரோ ஒரு குழந்தையோ சாலையைக் கடந்துகொண்டிருக்கலாம். பழைய வண்டிக்குப் புதிய வர்ணம் பூசுமுன், அதன் முள்ளை ஒருமுறை கடிகாரத்தோடு ஒத்துப் பார்ப்போமாக.