மன்செஸ்டர் தொட்டிலில் அபின்

மன்செஸ்டர் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது பருத்தித் துணி. அத்துணிக்கு நூல் நூற்றவர்களின் குடிசைகளில், அடுப்பங்கரை மாடத்தில், உப்புச் சாடிக்குப் பக்கத்தில் அபின் போத்தலும் இருந்தது என்பதை நமது பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை.

அந்நகரிலே பிறந்த எழுத்தாளர் தாமஸ் டி குவின்சி, தமது அபின் பழக்கத்தைப் பற்றி 1821இல் எழுதியபோது, ஒரு செய்தியையும் சேர்த்துச் சொன்னார். சனிக்கிழமைப் பிற்பகலில் கூலி வாங்கிவரும் தொழிலாளருக்காக மருந்துக்கடை மேசைகளில் அபின் உருண்டைகள் முன்கூட்டியே பரப்பி வைக்கப்பட்டிருந்தனவாம். மதுவுக்குக் கட்டாத கூலி அபினுக்குக் கட்டியது! போதைக்கு அடிமையானவன் ஏழையாகிறான் என்று உபதேசிப்போர், இங்கே எது முந்தியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால், அபின் பெரியவர்களோடு நின்றுவிடவில்லை. தந்தையார் பங்குதாரராயிருந்த நூலாலையிற் பணிபுரிய 1842இல் மன்செஸ்டர் வந்த பிரெடெரிக் எங்கெல்ஸ், 1845இல் வெளியிட்ட நூலில், ‘கொட்ஃபிரேயின் கோர்டியல்’ என்ற மருந்தைக் குறிப்பிடுகிறார். சர்க்கரைப் பாகிலே அபினைக் கரைத்து, வாசனைச் சரக்குச் சேர்த்த திரவம் அது. விடியுமுன் ஆலைச் சங்கு ஊதும். பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே தாய் இயந்திரத்தின் முன் நிற்பாள்; நில்லாவிடில் வேலை போய்விடும். குழந்தை ஒரு கிழவியிடமோ, அயலிலுள்ள சிறுமியிடமோ விடப்படும். ஐந்தாறு குழந்தைகளை ஒருத்தி எப்படி அமர்த்துவாள்? ஒரு கரண்டி கோர்டியல் போதும். அதற்கு மக்கள் இட்ட மற்றொரு பெயர் ‘அமைதி’ என்பது. அபின் உண்ட குழந்தை அழாது. அழாத குழந்தைக்குப் பால் கேட்கத் தெரியாது. அது மெல்ல மெல்ல வற்றி இறந்தபோது, மரணப் பதிவேட்டில் ‘பலவீனம்’ என்று எழுதினார்கள். அபின் என்று எழுதியது அருமை.

தாய்மார் கல்நெஞ்சர்களா? அன்றைய சீமான்கள் பலர் அப்படித்தான் பேசினர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. மெட்லொக் ஆற்றங்கரையில் ‘லிட்டில் அயர்லாந்து’ என்ற சேரியில் ஏறக்குறைய 200 குடிசைகளில் 4,000 பேர் நெருக்குண்டு வாழ்ந்ததை எங்கெல்ஸ் பதிந்துள்ளார். பஞ்சுத் தூசியால் இருமல். அழுக்குத் தண்ணீரால் வயிற்றோட்டம். வைத்தியரை அழைத்தால் பல நாட் கூலி போய்விடும். தரும வைத்தியசாலைக்குள் நுழையவோ, நன்கொடை அளித்த கனவான் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். அபினோ இருமலை அடக்கும், வயிற்றோட்டத்தை நிறுத்தும், வலியை மறக்கச் செய்யும், சில பென்னிகளுக்குக் கிடைக்கும். வைத்தியர் வராத தெருவில் அபினே வைத்தியராயிற்று.

எட்வின் சாட்விக் 1842இல் வெளியிட்ட சுகாதார அறிக்கையின்படி, மன்செஸ்டரில் இறந்த கனவான் குடும்பத்தினரின் சராசரி வயது 38. தொழிலாளர் குடும்பத்தினரின் சராசரி 17. எல்லோரும் பதினேழில் மாண்டார்கள் என்பதல்ல இதன் பொருள். தொட்டிலிலேயே மாண்டவர்கள் அத்தனை பேர் என்பதே பொருள்.

இதே காலத்திற் கவிஞர் கோல்ரிட்ஜும், அடிமை வியாபாரத்தை எதிர்த்த வில்பர்ஃபோர்ஸும் அபின் உண்டவர்களே. ஆயினும் அவர்களது தெருக்களை எவரும் ஒழுக்கக்கேட்டின் உறைவிடம் என்று பழிக்கவில்லை. வங்காளத்து அபினைச் சீன மக்கள் மீது சுமத்த 1839 முதல் 1842 வரை போர் நடத்திய அரசு, தன் சொந்த நகரத்துத் தாயின் கரண்டியைக் கண்டு முகஞ்சுளித்தது வேடிக்கைதான்.

1868ஆம் ஆண்டு மருந்தகச் சட்டம் அபினைப் பதிவுபெற்ற மருந்து விற்பனையாளர் கைக்கு மாற்றி, போத்தலில் ‘நஞ்சு’ என்ற சீட்டை ஒட்டச் செய்தது. ஆயின் தனியுரிமை மருந்துகளுக்கு அதில் விலக்கு இருந்தது. சட்டம் விற்பனையைத் தொட்டதேயன்றி ஆலையின் நேரத்தையோ வைத்தியரின் கட்டணத்தையோ தொடவில்லை. 1911இல் வந்த தேசிய காப்புறுதிச் சட்டம் கூலி உழைப்பவருக்கு வைத்தியரைக் கொடுத்தது. வீட்டிலிருந்த மனைவிக்கும் பிள்ளைக்கும் கொடுக்கவில்லை.

அவர்கள் மேலும் 37 ஆண்டுகள் காத்திருந்தனர். 1948 ஜூலை 5ஆம் திகதி, சுரங்கத் தொழிலாளியின் மகனான சுகாதார அமைச்சர் அனைரின் பெவன், கட்டணமில்லாத தேசிய சுகாதார சேவையைத் தொடக்கி வைக்க ஒரு வைத்தியசாலைக்கு வந்தார். அந்த வைத்தியசாலை மன்செஸ்டரின் எல்லைப்புறத்தில், டேவிஹியூமில் இருந்தது.