கழித்த ஒன்றில் பிறந்த ஒளி

கண் அறுவை மருத்துவத்திலும், கண்ணாடி இழைவழிச் செய்தித் தொடர்பிலும், கடைகளில் விலைப்பட்டை படிக்கும் கருவியிலும் லேசர் ஒளி இன்று பயன்படுகிறது. இதன் மூலம் ஓர் அறிஞர் தாளில் போட்ட கணக்கில் உள்ளது. அவ்வரலாற்றை ஆசிரியரும் மாணவரும் அறிந்திருத்தல் நலம்.

சூடேறிய பொருள் வீசும் ஒளியில் எந்த நிறம் எவ்வளவு உண்டு என்னும் வினா, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறிஞர்களை வாட்டியது. 1896இல் வீன் தந்த சூத்திரம் குறுகிய அலைநீளங்களுக்குப் பொருந்தியது, நீண்டவற்றுக்குப் பொருந்தவில்லை. 1900இல் மாக்ஸ் பிளாங்க் அச்சூத்திரத்தின் பகுதியில் ஒன்றைக் கழித்தார். அளவீடுகள் யாவும் இசைந்தன. ஆற்றல் சிறு சிறு கூறுகளாகவே பரிமாறப்படுகிறது என்னும் குவாண்டம் கொள்கை அதிலிருந்து தோன்றிற்று. எனினும், கழிக்கப்பட்ட அந்த ஒன்று அணுவின் எச்செயலைக் குறிக்கிறது என்பது விளங்காமலே இருந்தது.

1913இல் நீல்சு போர், அணுவுக்குக் குறித்த சில ஆற்றல் நிலைகளே உண்டு என்றார். அதனை அடிப்படையாகக் கொண்டு 1916இல், முதல் உலகப் போரின் நடுவே, பெர்லினில் இருந்த ஐன்ஸ்டைன் இச்சிக்கலை ஆராய்ந்தார். தாழ்நிலை அணு ஒளியை உட்கவர்ந்து மேல்நிலை எய்தும். மேல்நிலை அணு தானே ஒளியை உமிழ்ந்து தாழும். இவ்விரு செயல்களை மட்டும் சமன்படுத்தினால் கிடைப்பது வீனின் பழைய சூத்திரமே. மூன்றாவது செயல் ஒன்றைச் சேர்த்தபோதுதான் பிளாங்கின் சூத்திரம் முழுமையாக வந்தது. மேல்நிலையில் உள்ள அணுவை, அதற்கேற்ற அலைநீளமுடைய ஒளி வந்து தீண்டினால், அவ்வணு தன் ஆற்றலையும் ஒளியாக ஈந்துவிடும். இதுவே தூண்டிய உமிழ்வு. கழித்த ஒன்றின் பொருளும் இதுவே.

தூண்டியதும் பிறந்ததுமாகிய ஒளிகள் நிறம், திசை, அலையின் ஏற்ற இறக்கம் அனைத்திலும் ஒத்திருக்கும். பள்ளிச் சபைகூடலில் ஒரு மாணவன் சுருதி பிசகாது பாடத் தொடங்க, அருகிருப்போரும் அதே சுருதியில் சேர்ந்து கொள்வதை இதற்கு ஒப்பிடலாம். 1924இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் கற்பித்து வந்த சத்தியேந்திர நாத் போஸ், பிளாங்கின் சூத்திரத்தைப் புதிய வழியில் நிறுவி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஒளித்துகள்கள் ஒரே நிலையில் கூடும் இயல்புடையன என்பதற்கு அவர் எண்ணும் முறையே அடிப்படையாயிற்று. 1927இல் டிராக் இம்மூன்று செயல்களையும் குவாண்டம் கொள்கையிலிருந்தே வருவித்தார்.

அங்ஙனமாயின் லேசர் ஏன் அப்போதே பிறக்கவில்லை? இயல்பான வெப்பச் சமநிலையில் மேல்நிலை அணுக்கள் எப்போதும் குறைவு. ஏறத்தாழ 5,800 கெல்வின் வெப்பமுள்ள கதிரவன் பரப்பிலும், சிவப்பொளிக்குரிய மேல்நிலையில் நிற்பவை தாழ்நிலையில் உள்ளவற்றில் நூற்றுக்கு மூன்றளவே எனக் கணக்கிடலாம். ஆகவே பிறக்கும் ஒளியைவிட உட்கவரப்படும் ஒளியே மிகுதி. இந்த எண்ணிக்கையைத் தலைகீழாக்க வேண்டும்.

1951இல் வாஷிங்டன் பூங்கா ஒன்றில் அமர்ந்திருந்த சார்லசு டவுன்சுக்கு அதற்கொரு வழி தோன்றியது. மேல்நிலை அம்மோனியா மூலக்கூறுகளைத் தனியே பிரித்தெடுப்பதே அவ்வழி. இம்முயற்சி பயன் தராது, கைவிடுக என மூத்த அறிஞர்களான ராபியும் குஷும் கூறினர். அவர் கைவிடவில்லை. 1954இல் நுண்ணலையைப் பெருக்கும் மேசர் இயங்கிற்று. சோவியத் நாட்டில் பாசோவும் புரோகரோவும் இதே நெறியைத் தனியே கண்டிருந்தனர். 1964இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஒளிக்கு அதனைச் செய்து காட்டியவர் தியோடர் மைமன். மாணிக்கக் கல் இதற்கு உதவாது என்று பலர் கருதியிருக்க, அவர் தாமே அளந்து பார்த்து அக்கருத்துப் பிழை எனக் கண்டார். 1960 மே 16ஆம் நாள், கலிபோர்னியாவின் மாலிபுவில், மாணிக்கத் தண்டைச் சுற்றிய மின்வெட்டு விளக்கு ஒளிர்ந்தது. தண்டிலிருந்த குரோமிய அணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை மேல்நிலையில் திரண்டன. 694 நானோமீட்டர் அலைநீளச் செவ்வொளி பாய்ந்தது.

கணக்கிலிருந்து கருவிக்கு ஆன காலம் 44 ஆண்டுகள். "இதனால் என்ன பயன், ஐயா?" என்று வகுப்பில் மாணவர் கேட்கும்போது, தேர்வுக்கு வரும் என்று கூறி நாம் கடந்துவிடுகிறோம். ஐன்ஸ்டைனிடம் 1916இல் அதே வினாவைக் கேட்டிருந்தால், அவராலும் கண் மருத்துவத்தைச் சுட்டியிருக்க இயலாது. ஒரு சூத்திரத்தில் காரணம் விளங்காத ஒன்று நிற்கிறதே என்னும் கவலைதான் அவரைச் செலுத்தியது. அக்கவலையை மாணவர் உள்ளத்தில் எழுப்புவது நம் கடமையாகும்.