பந்து பொறுக்கிய சிறுவர்களும் பணம் வாங்காத வீரர்களும்

2005ஆம் ஆண்டின் நடுப்பகுதி அது. ஆழிப்பேரலை எங்கள் கோமாரிக் கரையைத் துடைத்தெடுத்துப் போய் ஐந்தாறு மாதங்கள் கழிந்திருந்தன. தற்காலிகக் கொட்டில்களில் சனங்கள் இருந்தார்கள். நிவாரணப் பணிக்கென வந்திருந்த வெளிநாட்டவருள் ஓர் அமெரிக்க இளைஞரும் இருந்தார். பகலெல்லாம் கல்லும் மண்ணும் சுமப்பார். மாலையானால் தம் பயணப் பையிலிருந்து ஒற்றைக் கொல்ஃப் மட்டையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வருவார். மணலில் பந்தை வைத்து அடிப்பார். நாலைந்து சிறுவர்கள் ஓடிப்போய் அதைப் பொறுக்கி வருவார்கள். இருட்டும் வேளையில் ஒவ்வொருவருக்கும் இருபது ரூபா கொடுப்பார்.

கொட்டில் வாசலில் குந்தியிருந்த என் பெரியம்மா ஒரு நாள் கேட்டார்: "ஏன் மனெ, அடிக்கிறவருக்கு ஆர் காசு குடுக்கிற?"

அந்தக் கேள்வியை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் இளைஞர் சிரித்துவிட்டார். தாம் கொல்ஃப் ஆடியதற்காகவே ஒரு கல்லூரி தமக்குப் புலமைப்பரிசில் தந்து படிப்பித்ததாகவும், ஆனால் போட்டியில் வென்றால் ஒரு டொலர் கூடப் பெறுவதற்கு விதி இடங்கொடுக்கவில்லை என்றும் சொன்னார். "நாங்கள் அமெச்சூர்கள்" என்றார். சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் கசப்பும் கலந்திருந்ததாக எனக்குப் பட்டது. பெரியம்மாவுக்கு இதை விளக்கினேன். பந்து பொறுக்குகிற பிள்ளைக்குக் கூலி உண்டு, அடிக்கிறவனுக்குக் கிடையாது என்பது அவருக்குப் பிடிபடவேயில்லை.

அன்று எனக்கும் அது முழுதாகப் பிடிபட்டிருந்தது என்று சொல்லமாட்டேன். செய்தித்தாள் வேலையில் விளையாட்டுப் பக்கம் என் துறையன்று. பின்னர் படிக்கப் படிக்கத்தான், பெரியம்மாவின் கேள்விக்குப் பின்னால் நூற்றைம்பது வருட வரலாறு கிடப்பது தெரியவந்தது.

கொல்ஃப் நமக்கு அந்நியமான ஆட்டம்தான். அம்பாறைக் கரையோரத்தில் பொத்துவில் முதல் கல்முனை வரை தேடினாலும் ஒரு கொல்ஃப் திடல் கிடையாது. இங்கே உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், மென்பந்துக் கிரிக்கெட், சித்திரைக்கு எல்லே. ஆயினும் இலங்கைக்குக் கொல்ஃப் வந்து நெடுங்காலமாகிறது. கொழும்புக் கொல்ஃப் கழகம் 1879இல் தோன்றியது. முதலில் காலிமுகத்திடலில் ஆடினார்கள். 1896இல் பொரளையிலுள்ள இன்றைய திடலுக்குப் போனார்கள். 1928இல் 'ரோயல்' என்ற அடைமொழி கிடைத்தது. களனிவெளி ரயில் பாதை அந்தத் திடலை ஊடறுத்தே செல்கிறது. ரயிலில் நெருங்கி நின்று போகிறவர்கள் யன்னலுக்கு வெளியே பரந்த புல்வெளியில் நாலு பேர் நடந்து திரிவதைக் காணலாம். நுவரெலியாவில் 1889இல் மற்றொரு கழகம் எழுந்தது. தேயிலைத் தோட்டத் துரைமாரின் ஓய்வுப் பொழுது அங்கே கழிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு துரைக்குப் பின்னால் நடந்தவர்கள் உள்ளூர்ப் பையன்கள். அவர்களுக்குக் 'கெடி' என்று பெயர்.

கொழும்புக் கழகம் தோன்றிய அதே 1879இல் இங்கிலாந்தின் ஹென்லி படகோட்டப் போட்டிக்காரர்கள் அமெச்சூர் என்பவர் யார் என்று வரையறுத்து ஒரு விதி வெளியிட்டார்கள். பணத்துக்காகப் போட்டியிட்டவர் அமெச்சூர் ஆகார் என்றது விதி. அத்துடன் நின்றிருந்தால் பரவாயில்லை. கைத்தொழிலாளியும் கம்மியனும் கூலியாளும் அமெச்சூர் ஆகார் என்றும் சேர்த்துச் சொன்னது. ஒருவன் படகோட்டி ஒரு சதமும் சம்பாதித்திராவிட்டாலும், பிழைப்புக்காகக் கையால் வேலை செய்கிறவன் என்றாலே அவன் வெளியே. 'விளையாட்டின் மீதான தூய காதல்' என்று பின்னாளில் மேடைகளில் முழங்கப்பட்ட கொள்கையின் வேர் இங்கே கிடக்கிறது. வயிற்றுக்கு உழைக்கத் தேவையில்லாதவனே காதலுக்காக விளையாடலாம் என்பதுதான் அதன் உட்பொருள்.

கிரிக்கெட்டிலும் இதே கதை. இங்கிலாந்தில் 1806 முதல் 1962 வரை 'கனவான்கள்' அணியும் 'ஆட்டக்காரர்கள்' அணியும் மோதும் ஆட்டம் ஒன்று நடந்துவந்தது. காசு வாங்காதவர் கனவான், வாங்குபவர் ஆட்டக்காரர். பெயர் அச்சிடுவதில்கூட வேறுபாடு வைத்தார்கள். கனவானின் தலையெழுத்து பெயருக்கு முன்னால் வரும், ஆட்டக்காரனுக்குப் பின்னால். 1950இல் லோர்ட்ஸ் மைதானத்தில் டிட்மஸ் என்ற இளம் வீரரின் தலையெழுத்துக்களைத் தவறுதலாக முன்னால் அச்சிட்டுவிட்டு, ஒலிபெருக்கியில் திருத்தம் அறிவித்தார்களாம். தலையெழுத்தைப் பெயருக்கு முன்னால் போடுகிற தமிழர் எல்லோரும் அந்தக் கணக்கில் கனவான்களே!

கொல்ஃபில் இந்தக் கோடு இன்னும் கூர்மையானது. அமெரிக்காவில் பையன் ஒருவன் பதினாறு வயதுக்குப் பின்னரும் கூலிக்குப் பை தூக்கினால் அவன் தொழில்முறை ஆட்டக்காரனாகவே கணிக்கப்பட்டான். அமெச்சூர் போட்டிகளில் அவனுக்கு இடமில்லை. ஃபிரான்சிஸ் விமெட் என்ற ஏழை வீட்டுப் பையன் கெடியாக இருந்து, பதினாறில் பையை இறக்கிவைத்துவிட்டு, இருபதாவது வயதில், 1913இல், பெயர்பெற்ற ஆங்கிலேயத் தொழில்முறை வீரர்கள் இருவரை வீழ்த்தி அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றார். நாடே கொண்டாடியது. மூன்று வருடம் கழித்து, விளையாட்டுப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றில் அவருக்குப் பங்குண்டு என்ற காரணத்தால் அமெச்சூர் தகுதியைப் பறித்தார்கள். 1918இல் திருப்பிக் கொடுத்தார்கள். வோல்டர் ஹேகன் 1920இல் பிரித்தானிய ஓப்பனில் ஆடப் போனபோது, தொழில்முறை வீரர்கள் கழகக் கட்டிடத்தினுள் உடை மாற்றக்கூடாது என்றார்கள். அவர் சொகுசுக் கார் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, கழக வாசலிலேயே நிறுத்தி, அதற்குள் உடை மாற்றிக்கொண்டார். படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

இந்தியாவில் 1965இல் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். அவ்வருடம் இந்திய ஓப்பனை வென்ற பி.ஜி. சேத்தி ஓர் அமெச்சூர். அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியர் அவரே. அமெச்சூர் என்பதால் பரிசுப் பணம் அவருக்கில்லை. அதை இழப்பதற்கு வசதியுள்ள வாழ்வு அவருடையது. 1991இல் அதே பட்டத்தை வென்ற அலி ஷேர், டெல்லிக் கழகத்தில் பை தூக்கி வளர்ந்தவர். 2009இல் வென்ற பெங்களூரின் முனியப்பாவும் கெடியாக இருந்தவரே. பரிசுப் பணம் வேண்டாம் என்று இவர்கள் சொல்லியிருக்க முடியுமா? பை தூக்கியவர்கள் பட்டம் வெல்வதற்குத் தொழில்முறை என்ற கதவு திறந்திருக்கவேண்டியிருந்தது.

இனி அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வருவோம். இந்தக் கதையில் நம்மவர் ஒருவரும் இருக்கிறார்.

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். உயரம் பாய்தலில் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் இலங்கையின் சார்பில் பங்குபற்றினார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று அதன் அணிக்காகவும் பாய்ந்தவர் அவர். பின்னர் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கல்வித்துறையில் ஆபிரிக்கா வரை சென்று பணியாற்றி, 2024இல் காலமானார். அவர் தலைமுறைக்குப் பதக்கமும் படிப்பும்தான் ஊதியம். அதில் அவர்கள் குறை கண்டதாகவும் தெரியவில்லை.

அதே டோக்கியோவில் 200 மீற்றரிலும் 400 மீற்றரிலும் தங்கம் வென்றவர் மில்கா சிங். பிரிவினையில் பெற்றோரை இழந்து அகதியாய் டெல்லி வந்து, இராணுவத்தில் சேர்ந்து ஓடக் கற்றவர். இராணுவச் சம்பளம் இல்லாவிட்டால் மில்கா இல்லை. ஏட்டில் அவரும் அமெச்சூர்தான். நமது நாட்டில் இன்றும் இராணுவ, பொலிஸ் விளையாட்டுக் கழகங்களில் சேர்ந்தாலன்றி ஓட்ட வீரர் பலருக்குப் பிழைப்பில்லை. நேரே கொடுக்கக்கூடாத பணத்தைச் சுற்றுவழியாகக் கொடுப்பதற்கு எல்லா நாடுகளும் ஏதோ ஒரு வழி கண்டுபிடித்தே இருக்கின்றன. மில்காவின் மகன் ஜீவ் மில்கா சிங் தந்தையின் ஓட்டத்தை விட்டுக் கொல்ஃபைப் பிடித்தார். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கல்லூரி மாணவராக ஆடி, 1993இல் கல்லூரிகளுக்கிடையிலான இரண்டாம் பிரிவுத் தனிநபர் பட்டத்தை வென்றார். கோமாரி மணலில் பந்தடித்த இளைஞரைப் போலவே, அவருக்கும் அங்கே பரிசுப் பணம் கிடையாது.

கல்லூரி விளையாட்டை ஆளும் அமெரிக்கச் சங்கம் 1906இல் உருவானது. விளையாட்டுக்கான முழுப் புலமைப்பரிசிலை அது அனுமதித்தது 1956இல். அதற்குச் சற்று முன்னர், 1955இல், கொலராடோ மாநிலக் கல்லூரி வீரர் ஒருவர் அமெரிக்க உதைபந்தாட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். கணவன் வேலையில் இறந்தான் என்று சொல்லி மனைவி நட்டஈடு கேட்டார். கல்லூரி வீரன் ஊழியன் அல்லன் என்று 1957இல் அம்மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'மாணவ வீரர்' என்ற தொடர் புழக்கத்துக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். அவர்கள் ஊழியர் என்று கருதப்பட்டுவிடுவார்கள் என்ற அச்சமே அத்தொடரை உருவாக்கத் தூண்டியது என்று, சங்கத்தை நெடுங்காலம் நடத்திய வோல்டர் பையர்ஸ் 1995இல் தமது நூலில் ஒப்புக்கொண்டார். காலம் கடந்த வாக்குமூலம். ஆயினும், வாழ்நாள் முழுவதும் காத்த கோட்டையைத் தானே இடிக்கும் நேர்மை எல்லா நிர்வாகிகளுக்கும் வாய்ப்பதில்லை.

இதற்கிடையில் தொலைக்காட்சி உரிமைப் பணம் பெருகியது. பயிற்றுநர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள். ஆடுகிறவனுக்கு மட்டும் விதி மாறவில்லை. எதிர்வீரசிங்கம் பாய்ந்த அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்தாட்ட வீரர் எட் ஓபானன், தமது உருவம் ஒரு கணினி விளையாட்டில் விற்கப்படுவதைக் கண்டு 2009இல் வழக்குத் தொடுத்தார். 2014இல் நீதிபதி குளோடியா வில்கன் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 2021 ஜூனில் வேறொரு வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சங்கத்தின் கட்டுப்பாடுகளைச் சாடினர். அடுத்த மாதமே வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு விற்க வழி திறந்தது. 2025 ஜூனில் அதே வில்கன் அங்கீகரித்த உடன்பாட்டின்படி, பழைய வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டொலர் நட்டஈடு. கல்லூரிகள் முதல் வருடத்தில் தலைக்கு இரண்டு கோடி டொலருக்குச் சற்று அதிகமாக வீரர்களுடன் நேரடியாகப் பகிரலாம்.

கொல்ஃபும் இறங்கிவந்திருக்கிறது. 2022 முதல் நடைமுறையிலுள்ள புதிய விதிகளின்படி அமெச்சூர் ஒருவர் விளம்பரதாரரின் பணத்தைப் பெறலாம். போட்டிப் பரிசுக்குத்தான் ஆயிரம் டொலர் எல்லை.

பணம் கொடுப்பதை எதிர்ப்பவர்களின் வாதத்தை முற்றாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பங்கில் பெரும்பகுதி அமெரிக்க உதைபந்தாட்டத்துக்கும் கூடைப்பந்தாட்டத்துக்குமே போகிறது. கூட்டம் சேர்க்காத நீச்சலும் கொல்ஃபும் உயரம் பாய்தலும் என்னாகும் என்று அவர்கள் கேட்கிறார்கள். அது மெய்யான கவலை. எதிர்வீரசிங்கம் இன்று பிறந்து பாய வந்தால், நுழைவுச்சீட்டு விற்காத அவருடைய ஆட்டத்துக்குப் பங்கில் என்ன மிஞ்சும்? ஆனால் அந்தக் கவலையைக் காரணங்காட்டி அரைநூற்றாண்டு காலம் உழைத்தவன் கையை வெறுங்கையாக வைத்திருந்தது நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்றுண்டு. நான் படித்த பல்கலைக்கழகத்தில் எங்கள் கரையைச் சேர்ந்த நண்பர் ஒருவர் ஐயாயிரம் மீற்றர் ஓடினார். மஹாபொலப் பணத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்புவார். காலையில் பயிற்சி முடிந்து பணிசும் பிளேன்ரீயும். சப்பாத்து இரவல். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் எங்கள் நிறத்தை அணிந்து ஓடிப் பதக்கம் கொண்டுவந்தார். வர்ண விருது கொடுத்தார்கள், மேடையில் கைதட்டினோம். சத்துணவுக்கென ஒரு சிறு தொகை கேட்டு அவர் எழுதிய கடிதத்துக்கு, விளையாட்டு என்பது பணத்துக்காகச் செய்வதன்று என்று பதில் வந்தது. அக்கடிதத்தை அவர் எனக்குக் காட்டினார். மூன்றாம் வருடம் அவர் ஓடவில்லை. மாலை நேரத்தில் ரியூசன் வகுப்பெடுக்கப் போய்விட்டார்.

இப்போது அவர் ஒரு பாடசாலையில் அதிபர். கடந்த இல்ல விளையாட்டுப் போட்டிக்கு என்னை விருந்தினராக அழைத்திருந்தார். ஆயிரத்தைந்நூறு மீற்றரில் முதலாவதாக வந்த மாணவிக்குக் கிண்ணத்துடன் ஒரு கடித உறையும் கொடுத்தார். உறைக்குள் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. "அவள் சப்பாத்து வாங்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.