செவித்திறனற்றோர் கல்வியும் சைகைமொழியும்: ஒரு வரலாற்று நோக்கு

சிறப்புக் கல்வியின் வரலாறு பெரும்பாலும் பள்ளிகளின் வரலாறாகவும் சட்டங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. செவித்திறனற்ற குழந்தைகளைப் பொறுத்தவரை அது ஒரு மொழியின் வரலாறும் ஆகும். சைகை ஒரு மொழியா, மொழி கற்பதற்கு இடையூறா என்னும் வினாவுக்குக் காலந்தோறும் கிடைத்த விடையே வகுப்பறை நடைமுறையைத் தீர்மானித்தது. இதனை இந்தியச் சூழலில் வைத்து விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் லெப்பே என்னும் பாதிரியார் நிறுவிய பள்ளி சைகைகளின் வழியே பாடம் கற்பித்தது. 1880இல் மிலான் நகரில் கூடிய பன்னாட்டு ஆசிரியர் மாநாடோ சைகையை விலக்கி, வாய்மொழி முறையையே கைக்கொள்ள வேண்டும் எனத் தீர்மானித்தது. அங்குக் கூடியோரில் ஏறத்தாழ அனைவரும் செவித்திறன் உடையோர் என்பது கருதத்தக்கது.

பம்பாய், கல்கத்தா, பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் இத்தகைய பள்ளிகள் தோன்றியது இத்தீர்மானத்தை அடுத்த இருபது ஆண்டுகளுக்குள்ளாகும். பின்னர் நாடெங்கும் பெருகிய பள்ளிகள் பலவற்றில் பேச்சுப் பயிற்சியும் உதட்டசைவைப் படித்தலுமே முதன்மை பெற்றன. உதட்டசைவு மொழி முழுவதையும் காட்டுவதில்லை. 'படி', 'மடி' என்னும் சொற்கள் உதட்டில் ஒன்றுபோலவே தோன்றும். மூக்கொலி கண்ணுக்குப் புலனாவதன்று. எனவே வகுப்பில் விலக்கப்பட்ட சைகை விடுதியிலும் விளையாட்டிடத்திலும் வாழ்ந்தது; மாணவரிடமிருந்து மாணவருக்குச் சென்றது.

கைவடிவம், இடம், அசைவு ஆகிய கூறுகளால் சைகைச் சொற்கள் அமைகின்றன என வில்லியம் ஸ்டோக்கி 1960இல் அமெரிக்கச் சைகைமொழியை ஆராய்ந்து காட்டினார். 1970களின் இறுதியில் வசிஷ்டா, உட்வர்டு முதலியோர் தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் நகரங்களில் வழங்கிய சைகைகளை ஆராய்ந்தனர். இந்தியச் சைகைமொழியில் வினாச்சொல் தொடரின் இறுதியில் வருவது போன்ற இலக்கணக் கூறுகள் பின்னர் விளக்கம் பெற்றன. அது தமிழையோ இந்தியையோ கையால் எழுதிக் காட்டுவதன்று. தனி இலக்கணம் உடையது.

சட்டம் இவ்வுண்மையை மெல்லவே ஏற்றது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டம், செவித்திறன் குறைந்த மாணவர் ஒரு மொழியை மட்டும் பயில ஏதுவாகப் பாடத்திட்டத்தை மாற்றியமைக்க வழிசெய்தது. இது சுமையைக் குறைத்ததேயன்றி அவர்க்குரிய மொழியை வகுப்பறைக்குள் கொணரவில்லை. 2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை சைகைமொழிக் கல்வியையும் செவித்திறனற்றோரின் மொழி அடையாளத்தையும் வலியுறுத்தியது. இந்தியா அதனை 2007இல் ஏற்புறுதி செய்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் சைகைமொழி அறிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து அமர்த்துவதை அரசின் கடமையாக்கிற்று. 2015இல் இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் தில்லியில் அமைந்தது. அதன் அகராதி 2018இல் 3,000 சொற்களுடன் வெளிவந்தது. மிலான் தீர்மானத்திற்கு 2010இல் வான்கூவர் மாநாடு வருத்தம் தெரிவித்தது.

செவித்திறனற்ற குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் செவித்திறன் உடைய பெற்றோர்க்குப் பிறந்தவர்கள். ஏனைய குழந்தைகள் வீட்டில் மொழியைப் பெற்றுப் பள்ளிக்கு வருகின்றனர். இவர்களில் பலர் மொழியைப் பெறுவதற்கே பள்ளிக்கு வருகின்றனர். முதல்மொழி பெறும் இளம்பருவம் கடந்தபின் அவ்விழப்பை ஈடுசெய்வது அரிது. ஆதலின், சைகைமொழி அறிந்த ஆசிரியர் தொடக்க வகுப்பிலேயே அமைவது சலுகையன்று. தாய்மொழிவழிக் கல்வி என நாம் ஏனையோர்க்குக் கோரும் அதே உரிமையாகும்.