மண்ணை மறைத்த செங்கல், செங்கலை மறைத்த சிமென்ட்: சாண்டா ஃபே கடைத்தெருவின் கதை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத் தலைநகரம் சாண்டா ஃபே. அந்த ஊரின் நடுச் சதுக்கத்துக்கு முதன்முதலாகப் போகிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். வங்கி எது, துணிக்கடை எது, ஓட்டல் எது என்று சட்டென்று பிரித்தறிய முடியாது. எங்கு பார்த்தாலும் காவியும் பழுப்பும். மழுங்கிய மூலைகள், தட்டையான கூரை, சுவரிலிருந்து துருத்தி நிற்கும் உத்தரக் கட்டைகள். "ஆஹா, நானூறு வருடப் பழைய மண் கட்டிடங்கள்!" என்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அவற்றில் பல மண்ணே அல்ல என்பதுதான் வேடிக்கை.

கட்டிடத்தின் வெளிச்சுவருக்கு மேல் போடும் உறையை அமெரிக்கர்கள் சைடிங் என்பார்கள். பல ஊர்களில் அது மரப்பலகையாகவோ உலோகத் தகடாகவோ இருக்கும். சாண்டா ஃபேயில் அந்த வேலையைச் செய்வது ஸ்டக்கோ எனப்படும் சிமென்ட் பூச்சு. இந்த ஊர்க் கடைக்காரர்கள் தங்கள் கடைகளுக்கு இரண்டு முறை சட்டை மாற்றினார்கள். இரண்டு முறையும் காரணம் ஒன்றுதான்: வியாபாரம்.

முதலில் இருந்தது மண்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கும் வறண்ட மேட்டு நிலம் இது. பகலில் வெயில் கொளுத்தும், இரவில் குளிர் நடுக்கும். இதற்கு ஏற்ற சுவர் மண் சுவர்தான். களிமண், மணல், வைக்கோல் மூன்றையும் குழைத்து அச்சில் வார்த்து வெயிலில் காயவைத்த கல்லுக்கு அடோபி என்று பெயர். சுமார் இரண்டடி கனத்தில் சுவர் வைத்தால் பகல் சூட்டை உள்வாங்கி இரவில் மெதுவாக விடும். 1610 வாக்கில் ஸ்பானியர்கள் கட்டிய ஆளுநர் மாளிகையும் இந்தக் கல்லால் ஆனதுதான்.

ஆனால் மண்ணுக்கு எதிரி தண்ணீர். இங்கே ஆண்டு மழை சுமார் 14 அங்குலம்தான் என்றாலும், கோடையில் அது திடீர்ப் புயல் மழையாகக் கொட்டும். பூச்சு கரையும். அதனால் ஒவ்வொரு வருடமும், அல்லது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, புதிதாக மண் பூச வேண்டும். இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் பெண்கள். அவர்களுக்கு 'என்ஹர்ரடோரா' என்று தனிப் பெயரே உண்டு. சுவர் கட்டுவது ஆண் வேலை, பூசுவது பெண் வேலை என்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

முதல் சட்டை: செங்கல்

1821-ல் மிசூரியிலிருந்து வணிகப் பாதை திறந்தது. வண்டி வண்டியாகச் சரக்கு வந்து இறங்கிய இடம் இந்தச் சதுக்கம்தான். 1846-ல் அமெரிக்க ராணுவம் ஊரைப் பிடித்தது. கூடவே மரம் அறுக்கும் ஆலை வந்தது, பிறகு சுட்ட செங்கல் வந்தது. கிழக்கிலிருந்து வந்தவர்களின் கண்ணுக்கு மண் வீடு என்றால் ஏழ்மை, பின்தங்கிய நிலை. ஆகவே கடைக்காரர்கள் முகப்பை மாற்றத் தொடங்கினார்கள். செங்கல் முகப்பு, பெரிய கண்ணாடி, அலங்கார விளிம்பு. 1870களின் இறுதியில் ஆளுநர் மாளிகையின் தாழ்வாரத்துக்குக்கூட விக்டோரியா பாணியில் வெள்ளை மரக் கைப்பிடி வைத்தார்கள். 1891-ல் சதுக்கத்தின் கிழக்குப் பக்கம் கேட்ரன் கட்டிடம் செங்கல்லில் எழுந்தது.

ஆனால் சட்டை மாற்றியும் வியாபாரம் தங்கவில்லை. சாண்டா ஃபே என்ற பெயரையே வைத்துக்கொண்ட ரயில் கம்பெனி, மலையேற்றம் காரணமாகத் தன் முக்கியப் பாதையை இந்த ஊர் வழியாகப் போடவில்லை! 1880 பிப்ரவரியில் லேமி என்ற இடத்திலிருந்து ஒரு கிளைப் பாதை மட்டும் வந்து சேர்ந்தது. முக்கியப் பாதை அல்புகர்க்கிக்குப் போனது, மொத்த வியாபாரமும் அதன் பின்னாலேயே போனது. 1880-ல் 6,600-க்கு மேல் இருந்த சாண்டா ஃபேயின் மக்கள்தொகை 1910-ல் சுமார் 5,000 ஆகச் சுருங்கியது. அதே 1910-ல் அல்புகர்க்கியில் 11,000 பேர்.

இரண்டாம் சட்டை: மண் போன்ற சிமென்ட்

தொழிற்சாலை இல்லை, முக்கிய ரயில் பாதை இல்லை. விற்பதற்கு என்ன இருக்கிறது? 1912-ல், நியூ மெக்சிகோ மாநிலமான அதே வருடம், ஊரின் திட்டக் குழு ஒரு பதில் கண்டுபிடித்தது: பழமை. அந்தச் சமயத்தில் மேயராக இருந்தவர் ஆர்தர் செலிக்மன், சதுக்கத்தில் கடை வைத்திருந்த வணிகக் குடும்பத்துக்காரர் என்பது குறிப்பிடத்தக்கது. தொல்லியலாளர்கள் எட்கர் ஹியூவெட்டும் சில்வேனஸ் மோர்லியும் யோசனைக்கு உருவம் கொடுத்தார்கள். 1909-க்கும் 1913-க்கும் இடையில் ஆளுநர் மாளிகையைப் புதுப்பித்தபோது விக்டோரியா கைப்பிடி போனது, கனமான மரத்தூண்களோடு 'பழைய' தாழ்வாரம் வந்தது.

இந்தப் பாணியை முன்னதாகச் செய்து காட்டியதும் ஒரு வியாபாரக் கட்டிடம்தான். 1908-ல் பக்கத்து மாநிலமான கொலராடோவில், மோர்லி என்ற சுரங்க ஊரில், ஐசக் ராப் என்ற கட்டிடக் கலைஞர் ஒரு கம்பெனிக் கடையை அகோமா பழங்குடிக் கிராமத்துத் தேவாலயத்தின் சாயலில் கட்டியிருந்தார். அவரே சாண்டா ஃபேயில் 1917-ல் கலை அருங்காட்சியகத்தையும், பிறகு சதுக்கத்து மூலையில் லா ஃபோண்டா ஓட்டலையும் கட்டினார். ஓட்டலை 1925-ல் ரயில் கம்பெனியே வாங்கியது. சரக்கு கொண்டுவராத ரயில், சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுவந்தது!

இனி எதிர்த்திசையில் சட்டை மாற்றம். ஒரு காலத்தில் மண்ணை மறைத்த செங்கல் முகப்புகள் இப்போது பூச்சுக்குள் போயின. புதிதாகக் கட்டியவையும் அப்படியே. செய்முறை எளிது. உள்ளே மரச் சட்டமோ காங்கிரீட் கல்லோ இருக்கும். மரச் சட்டத்தின் மேல் ஈரம் புகாத தாள், அதன் மேல் கம்பி வலை. முதல் பூச்சைப் போட்டுக் கீறிவிடுவார்கள், இரண்டாவதில் மட்டம் பார்ப்பார்கள், மூன்றாவது பூச்சு நிறத்துக்கு. மூன்றும் சேர்ந்து ஓர் அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. மூலையைக் கையால் உருட்டிவிட்டால் நானூறு வருடம் ஆகிவிடும்!

சட்டம் ஆன சட்டை

1957-ல் இது சட்டமானது. கட்டிடக் கலைஞர் ஜான் கா மீம், எழுத்தாளர் ஆலிவர் லா ஃபார்ஜ் போன்றவர்கள் இதற்குப் பின்னால் நின்றார்கள். வரலாற்றுப் பகுதியில் கட்டினால் சுவர் மண் நிறத்தில் இருக்க வேண்டும், ஜன்னல் கண்ணாடி ஒரு பக்கம் 30 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று அளவுகள்கூட உண்டு.

கடைக்காரருக்குக் கண்ணாடி என்பது விளம்பரம். கேம்பிள்-ஸ்கோக்மோ என்ற கடை நிறுவனம் இந்தக் கண்ணாடி விதியை மீறி வழக்கில் சிக்கியது. "அழகுக்காக ஒருவரின் சொத்துரிமையில் கை வைக்கலாமா?" என்பதே வாதத்தின் சாரம். 1964-ல் மாநில உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. ஊரின் வரலாற்றுத் தோற்றத்தைக் காப்பது பொதுநலனில் அடங்கும் என்று ஏற்றுக்கொண்டது. கடையின் முகம் கடைக்காரருக்கு மட்டும் சொந்தமல்ல, அது ஊரின் மூலதனம் என்று ஆகிவிட்டது.

சட்டைக்குள் என்ன நடந்தது?

ஸ்டக்கோவால் லாபம் உண்டு என்பதை மறுக்க முடியாது. வருடாவருடம் பூச வேண்டியதில்லை, சுற்றுலா வளர்ந்தது, ஊர் பிழைத்தது. ஆனால் உண்மையான மண் சுவர் மேல் சிமென்ட் பூசியபோதுதான் வினை வந்தது. மண் சுவர் ஈரத்தை வாங்கும், பின் காற்றில் விட்டுவிடும். சிமென்ட் அதன் மூச்சை அடைக்கிறது. விரிசல் வழியே புகும் நீர் வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. குளிரில் உறைகிறது, வெயிலில் உருகுகிறது. வெளியே பூச்சு பளபளப்பாக இருக்க, உள்ளே கல் சேறாகிறது.

இதை நேரில் கண்டது சாண்டா ஃபேக்கு வடக்கே, டாவோஸ் ஊரை அடுத்த ராஞ்சோஸ் கிராமம். அங்குள்ள அசிசி புனித பிரான்சிஸ் தேவாலயம் ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் வரைந்து உலகப் புகழ் பெற்றது. 1967-ல் செலவும் உழைப்பும் மிச்சம் என்று அதற்குச் சிமென்ட் பூசினார்கள். சில வருடங்களிலேயே உள்ளே ஈரம் தேங்கிச் சுவர் பாழாவது தெரிந்தது. 1979-ல் சிமென்டைப் பெயர்த்துவிட்டு மறுபடி மண்ணுக்கே திரும்பினார்கள். அன்று முதல் ஒவ்வொரு கோடையிலும் ஊரே கூடி, கிழவியும் பேரனும் சேர்ந்து, சுவருக்கு மண் பூசுகிறார்கள்.

சாண்டா ஃபே கடைத்தெரு மண்ணின் தோற்றத்தைக் காப்பாற்றியது. ராஞ்சோஸ் கிராமம் மண்ணின் வேலையைக் காப்பாற்றியது. முதலாவதற்கு ஒரு சட்டமும் ஒரு கொத்தனாரும் போதும். இரண்டாவதற்கு வருடாவருடம் வந்து நிற்கும் மனிதர்கள் வேண்டும். கணக்குப் புத்தகத்தில் பராமரிப்பு என்பது செலவுப் பக்கத்தில்தான் எழுதப்படும். ஆனால் அந்தச் செலவை மிச்சம் பிடித்தால் சுவரே போய்விடும் என்பதை, அந்தக் கிராமம் பன்னிரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டது.